பதுளையில் ஒரு ஞாயிறு

மலைநாட்டு மேடைகள் – அத்தியாயம் 17

சென்ற வாரம் உங்களை முல்லோயா விசாரணை மண்டபத்தில் உட்காரவைத்துவிட்டுப் போனேன். முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸாரால் சுடப்பட்டுச் செத்த தொழிலாளி கோவிந்தனின் மனைவிக்காக வக்கீல் கொல்வின் ஆர். டி சில்வா எழுந்து நிற்கிறார். பொலிஸார் சொன்ன கதையை நூல்நூலாகப் பிரிக்கிறார். அந்த இடத்தில் நிறுத்தினேன்.

"இப்படி நட்டநடுவில் விட்டுவிட்டுப் போகலாமா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுங்கள். அந்த மண்டபத்துக்குத் திரும்ப வருவோம். இந்த வாரம் வேறோர் இடத்துக்கு அவசரமாகப் போக வேண்டியிருக்கிறது. அங்கே ஒரு கூட்டம் தொடங்கப் போகிறது.

பதுளை ரயிலில் ஏறுங்கள்.

நானுஓயா, அப்புத்தளை, பண்டாரவளை, எல்ல. வண்டி தெமோதரைக்கு வந்ததும் ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்காருங்கள். ஸ்டேஷனைத் தாண்டிய தண்டவாளம் மலையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அதே ஸ்டேஷனுக்கு அடியில் இருக்கும் சுரங்கத்துக்குள் புகுந்து கீழே இறங்கும். சற்றுமுன் நாம் நின்ற மேடை இப்போது நம் தலைக்கு மேலே. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஊவாத் தோட்டங்களின் கதைதான் ஞாபகம் வரும். நேர்வழி கிடையாது. சுற்றி வளைத்துத்தான் எதையும் எட்ட வேண்டும்.

பதுளையில் தண்டவாளம் முடிகிறது. இறங்கிவிடுங்கள். நிமிர்ந்தால் நமுனுகுலை. அதன் மடியெல்லாம் தேயிலை.

1940 மே 12. ஞாயிற்றுக்கிழமை.

ஊருக்குள் ஒரு காகிதம் சுற்றிக்கொண்டிருக்கிறது. பதுளை நீதவானின் உத்தரவு.

கூட்டம் கூடாது.

அந்தத் தடைக்கு நடுவில்தான் ஒரு மனிதர் பேசப் போகிறார்.

*

காகிதம் எப்படி வந்தது என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

முல்லோயாவில் வெடித்த துப்பாக்கியின் சத்தம் மத்திய மலைநாட்டோடு அடங்கவில்லை. மாதா மாதம் தெற்கே நகர்ந்தது. ஒரு தோட்டத்தில் வேலை நின்றது. பக்கத்துத் தோட்டம் பார்த்தது. அங்கும் நின்றது. அது ஊவாவுக்கு வந்து சேர்ந்தபோது இன்னொரு மாற்றமும் கூடவே வந்தது. வேலைநிறுத்தங்கள் ஒரு நாள், இரண்டு நாள் என்று முடிந்துபோகாமல் நீண்டன. மக்கள் கேட்டதும் வேறு. கூலி மட்டும் கேட்டவர்கள் இப்போது சங்கம் கேட்டார்கள். கங்காணி மூலமாக இல்லாமல், துரையோடு நேருக்கு நேர் பேசும் சங்கம்.

சட்டப்படி பார்த்தால் இதில் தவறே இல்லை. தொழிற்சங்கம் அமைக்க 1935ஆம் ஆண்டுச் சட்டமே இடம் கொடுத்துவிட்டது. ஆனால் சட்டம் கொழும்பில் இருந்தது. தோட்டத்தில் இருந்தது பிரட்டு. விடியற்காலைக் குளிரில் வரிசையாக நிற்கும் ஆளுக்குப் பேர் போடுவதா, விரட்டுவதா என்று முடிவு செய்தவர் துரை. சங்கம் என்று வாய் திறந்தவன் கைக்குப் பத்துச்சீட்டு வரும். சீட்டு வந்தால் வேலையோடு லயத்துக் காம்பிராவும் போகும். பெண்டாட்டி, பிள்ளை, சட்டி பானையோடு தெருவுக்கு வர வேண்டியதுதான்.

இந்த மக்களிடம் பேசத்தான் ஒரு கட்சி விரும்பியது.

லங்கா சமசமாஜக் கட்சி. வயது ஐந்துகூட நிரம்பவில்லை. அரசாங்க சபையில் அதற்கு எத்தனை பேர்?

இரண்டே பேர்.

அவிசாவளையிலிருந்து பிலிப் குணவர்தன. றுவன்வெல்லயிலிருந்து என்.எம். பெரேரா. தெரிந்தெடுக்கப்பட்ட 50 உறுப்பினர்கள் உள்ள சபையில் இரண்டு நாற்காலி. மந்திரிப் பதவி கிடையாது. பணக்காரர்களின் பின்பலம் கிடையாது. பெரிய பத்திரிகைகளின் தயவும் கிடையாது.

அப்படிப்பட்ட கட்சி ஒரு தோட்டத் தொழிலாளியின் காதில் நாலு வார்த்தை போட வேண்டுமென்றால் என்ன வழி?

தோட்டத்துக்குள் போக முடியாது. அது தனியார் சொத்து. துரையின் அனுமதி இல்லாமல் கால் வைத்தால் அத்துமீறிப் பிரவேசித்த குற்றம். லயம் தோட்டத்துக்குச் சொந்தம். லயத்துக்குப் போகும் பாதையும், அந்தப் பாதையில் முளைத்த புல்லும்கூடத் தோட்டத்துக்குச் சொந்தம். உள்ளே இருப்பவன் வெளியே வந்தால்தான் பேச்சு. வெளியே என்றால் ஒரே இடம்தான். நகரம்.

பதுளை நகரத்தின் பொதுத் தெரு, பொது வெளி. சுற்றியுள்ள அத்தனை தோட்டங்களுக்கும் அதுவே கடைசி மேடை. துரைமாருக்கு இது நன்றாகத் தெரியும். தோட்டத்தின் கதவு அவர்கள் கையில் இருந்தது. நகரத்தின் கதவை மூட நீதவானின் கையெழுத்துத் தேவைப்பட்டது.

அதுவும் கிடைத்துவிட்டது.

உத்தரவில் "சமசமாஜக் கட்சி பேசக் கூடாது" என்று எழுதினால் என்ன, "பதுளையில் கூட்டம் கூடாது" என்று எழுதினால் என்ன? பெரிய கட்சிக்காரர் பேச ஆயிரம் இடம் உண்டு. சபை உண்டு, பத்திரிகை உண்டு, விருந்து மண்டபம் உண்டு. திறந்த வெளியைத் தவிர வேறொன்றும் இல்லாதவனுக்குத்தான் திறந்த வெளியின் தடை வலிக்கும்.

இங்கே ஒரு நிமிடம் இந்தக் காலத்துக்கு வந்துவிட்டுப் போவோம். நம் ஊர் ஜனாதிபதித் தேர்தலில் நிற்க, அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் ஆள் கட்டும் கட்டுப்பணம் 50,000 ரூபாய். அந்த அங்கீகாரம் இல்லாதவர் கட்ட வேண்டியது 75,000. பின்பலம் குறைந்தவருக்குப் பணம் கூட! அதற்கு மேலும் ஒரு வேலி உண்டு. அங்கீகரிக்கப்பட்ட கட்சி நிறுத்தாவிட்டால், நாடாளுமன்ற உறுப்பினராக இருக்கிறவரோ இருந்தவரோ மட்டுமே நிற்க முடியும். 2024இல் மலையகத்திலிருந்து மயில்வாகனம் திலகராஜ் வேட்பாளராக நின்றார் அல்லவா? முன்பு எம்.பி.யாக இருந்ததால் அந்த வேலியைத் தாண்ட முடிந்தது. வாக்குச்சீட்டில் 39 பெயர்கள். ஆனால் "விவாதம் நடக்குமா, நடக்காதா" என்று நாடே பேசியது எத்தனை பேரைப் பற்றி? இரண்டு பேரைப் பற்றி. மற்றவர்களை அந்த மேடைக்கு அழைக்க வேண்டும் என்ற பேச்சுக்கூடப் பெரிதாக எழவில்லை. லயத்தைப் பற்றியும் காணியைப் பற்றியும் கேட்க வந்தவரின் குரல் அந்த இரைச்சலில் எங்கே கேட்டது? இதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை. அதனால்தான் இந்தத் தொடரே.

சரி. திரும்ப 1940க்கு.

*

என்.எம். பெரேராவுக்கு அடுத்த மாதம் 35 வயது. லண்டன் பொருளியல் கல்லூரியில் ஹெரல்ட் லாஸ்கியிடம் படித்த மனிதர். டாக்டர் பட்டத்துக்கு மேல் டாக்டர் பட்டம். நினைத்திருந்தால் கொழும்பில் சொகுசான உத்தியோகம் பார்த்திருக்கலாம்.

ஆனால் கிராமத்து மக்கள் அவருக்குச் சூட்டிய பட்டம் வேறு. பருப்பு மாத்தயா!

நாட்டை மலேரியா வாரிக்கொண்டு போன 1934–35இல் அவரும் தோழர்களும் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். மருந்து கொடுத்தார்கள். பட்டினி கிடந்தவர்களுக்குப் பருப்புக் கொடுத்தார்கள். அதிலிருந்து வந்த பெயர். றுவன்வெல்லத் தொகுதி அவரைச் சபைக்கு அனுப்பியதில் அந்தப் பருப்புக்கும் பங்கு உண்டு.

பதுளையில் அவருக்கு என்ன வேலை?

கேட்க வேண்டிய கேள்விதான். பதுளை அவருடைய தொகுதி இல்லை. அங்கே அவருக்கு விழப்போகும் ஓட்டு ஒன்றுகூட இல்லை. கூட்டத்துக்கு வரப்போகிறவர்களில் எத்தனையோ பேருக்கு ஓட்டே கிடையாது. இந்திய வம்சாவளித் தொழிலாளி ஓட்டுப் போட வேண்டுமானால், நிரந்தரமாக இங்கே குடியிருப்பவன் என்று காட்ட வேண்டியிருந்த காலம் அது. கிராம சபைத் தேர்தலில் தோட்டத்து இந்தியத் தொழிலாளிக்கு இடமே இல்லை என்று சட்டம் செய்துவிட்ட காலமும் அதுவே. பேசப் போகிறவர் சிங்களவர். கேட்கப் போகிறவர்கள் தமிழர்கள்.

ஓட்டுக் கணக்குப் பார்க்கும் அரசியல்வாதி இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டான்.

அப்படியானால் ஏன் வந்தார்?

ஒரு காரணம் கொள்கை. தோட்டத் தொழிலாளி எழுந்தால்தான் வெள்ளைக்கார ஆட்சியின் முதுகெலும்பு முறியும் என்று அந்தக் கட்சி நம்பியது. நாட்டின் செல்வம் தேயிலையில் இருந்தது. தேயிலை இவர்கள் விரல் நுனியில் இருந்தது.

இன்னொரு காரணம் போட்டி. இதை மறைக்க வேண்டியதில்லை. பத்து மாதங்களுக்கு முன்புதான் நேரு வந்துபோனார். இலங்கை இந்தியன் காங்கிரஸ் பிறந்தது. அதுவும் தோட்டங்களில் சங்கம் கட்ட இறங்கிவிட்டது. மலைநாட்டு மக்களின் மனத்தில் காந்திக்கும் நேருவுக்கும் இருந்த இடம் உங்களுக்குத் தெரியாததா? இதே பதுளைக்கு 1927இல் காந்தியே வந்து பேசிவிட்டுப் போயிருக்கிறார். அந்தப் பெயர்களோடு வரும் காங்கிரஸின் முன்னால் செங்கொடி எம்மாத்திரம்? "நாங்கள் உங்கள் சண்டைக்கு வருவோம்" என்று செய்து காட்டினால் ஒழிய சமசமாஜிகளை லயத்து மக்கள் நம்ப வேண்டிய அவசியம் இல்லை.

ஊவாவில் அதைச் செய்து காட்ட மூன்று பேர் முன்னணியில் நின்றார்கள். வில்லி ஜயதிலக. எட்மண்ட் சமரக்கொடி. வி. சிற்றம்பலம். சிங்களவரும் தமிழரும் சேர்ந்தே தோட்டம் தோட்டமாக அலைந்தார்கள். நகரத்தில் தடை விழுந்ததும் அவர்கள் முன் இரண்டே வழி.

ஒன்று, கோர்ட்டுக்குப் போவது. அதில் அவர்களுக்கு நல்ல அனுபவம் இருந்தது. பிரேஸ்கேர்டிலை மறந்திருக்க மாட்டீர்கள். துரைமார் கூட்டத்திலிருந்தே எழுந்து வந்து தொழிலாளிக்காகப் பேசிய ஆஸ்திரேலிய இளைஞன். அவனை நாடு கடத்தத் தேசாதிபதி உத்தரவிட்டார். உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவைச் செல்லாது என்றது. அது நடந்து மூன்றே வருடம்.

அப்படியானால் இப்போதும் வழக்குப் போட்டிருக்கலாமே?

போட்டிருக்கலாம். அதற்குள் லயத்தில் அரிசி தீர்ந்துவிடும்.

வேலைநிறுத்தத்தின் ஆயுளை அரிசிப் பானையைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். வேலைக்குப் போகாத நாளில் பேர் விழாது. பேர் விழாவிட்டால் கூலி இல்லை. அரிசியும் தோட்டத்துக் கணக்கில்தான் வந்துகொண்டிருந்தது. மூன்றாம் நாள் கஞ்சி தண்ணீராகும். ஐந்தாம் நாள் பிள்ளை அழும். பத்தாம் நாள் ஆள் ஆளாகக் கொழுந்துக் கூடையை எடுத்துக்கொண்டு மலைக்கு ஏறிவிடுவார்கள். வெளியே நமக்காக யாரோ இருக்கிறார்கள் என்று அதற்குள் அவர்கள் கண்ணால் பார்த்தாக வேண்டும். காதால் கேட்டாக வேண்டும். வழக்குக்கு மாதக்கணக்கில் தவணை. பசி தவணை கேட்காது.

மிச்சம் இருந்தது இரண்டாவது வழி.

உத்தரவை மீறுவது.

*

நான் பதுளைத் தெருவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நின்று பார்த்திருக்கிறேன். மலையிலிருந்து மனிதர்கள் இறங்குவதைப் பார்க்க வேண்டும். பச்சைக்கு நடுவே ஒரு புள்ளி தெரியும். அது பத்தாகும். குறுக்குப் பாதைகள் எல்லாம் சட்டென்று உயிர் பெற்றுவிடும். கிழமை முழுக்கக் கொழுந்துச் சாயம் ஏறிக் கறுத்த விரல்கள் அன்றைக்கு ஒரு குழந்தையின் கையையோ ஒரு துணிப்பையையோ பிடித்திருக்கும். சந்தைக்கு வருகிறவர்கள், கோயிலுக்கு வருகிறவர்கள், ஒரு வேலையும் இல்லாமல் ஊரைப் பார்க்க வருகிறவர்கள். யார் எதற்கு வருகிறார்கள் என்று யாரால் பிரித்துச் சொல்ல முடியும்?

அந்த மே 12இல் இருந்த பொலிஸ்காரரின் முதல் கஷ்டம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்காரன் பதுளைக்கு வருவதைத் தடுக்க எந்த உத்தரவிலும் இடமில்லை.

வந்தார்கள்.

இன்னும் வந்தார்கள்.

பெருங்கூட்டம் சேர்ந்துவிட்டது.

இப்போது அந்தப் பொலிஸ் அதிகாரியின் இடத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள். அவரும் மனிதர்தானே. கையில் நீதவானின் உத்தரவு. பின்னால் துரைமாரின் நம்பிக்கை. எதிரே தலைகள், தலைகள், தலைகள்.

இரண்டு நாளைக்கு முன்புதான், அந்த வெள்ளிக்கிழமை, ஹிட்லரின் படை ஹாலந்துக்குள்ளும் பெல்ஜியத்துக்குள்ளும் பாய்ந்திருந்தது. அன்றைக்கே லண்டனில் சர்ச்சில் பிரதமராகிவிட்டார். சாம்ராஜ்யம் முழுவதும் கலங்கி நிற்கிறது. இந்த நேரத்தில் போரை எதிர்க்கும் ஒரு கட்சி, தேயிலை நாட்டின் நடுவில், தடையை மீறிக் கூட்டம் போடுகிறது. விட்டால் மேலிடம் கேட்கும்.

தடுத்தால்?

தடுத்தால் முல்லோயா.

ஒரே ஒரு துப்பாக்கிச் சூடு. ஒரே ஒரு கோவிந்தன். அதன் பிறகு என்ன நடந்தது? விசாரணைக் குழு உட்கார்ந்தது. கொல்வின் பொலிஸைக் கூண்டில் ஏற்றிக் குடைந்தார். உள்நாட்டு மந்திரி டி.பி. ஜயதிலகவுக்கும் பொலிஸ் மாஅதிபர் பேங்ஸுக்கும் மோதல். தேசாதிபதி கால்டிகொட் பொலிஸ் பக்கம் சாய்ந்தார். மந்திரிகள் ராஜினாமாக் கடிதத்தைத் தூக்கிக் கொடுத்தார்கள். ஒரு தொழிலாளியின் மரணம் ஒரு மந்திரிசபையையே ஆட்டிவிட்டது. அந்த ஆட்டம் ஓய்ந்து சில வாரங்கள்தான் ஆகின்றன.

பதுளையில் ஒரு விரல் தவறினால் எத்தனை கோவிந்தன்கள்?

இங்கேதான் கொல்வினின் கதை என்.எம்.மின் கதையோடு வந்து சேர்கிறது. "கொல்வினை ஏன் பாதியில் விட்டாய்?" என்று கேட்டீர்களே. விசாரணை மண்டபத்தில் அவர் கேட்ட ஒவ்வொரு கேள்வியும் பதுளையில் ஒரு பொலிஸ்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது என்றுதான் நான் நினைக்கிறேன். இன்றைக்குச் சுட்டால் நாளைக்கு இதே வக்கீல் நம்மையும் கூண்டில் ஏற்றுவார் என்ற பயம் எந்தத் துப்பாக்கியின் குதிரையையும் கனக்கச் செய்துவிடும்.

என்.எம். முன்னே வந்தார்.

உத்தரவை மீறிய முதல் ஆள் அவராகவே இருக்க வேண்டும் என்பதில் ஒரு கணக்கு இருந்திருக்கும். உள்ளூர்த் தோழர் ஒருவர் ஏறிப் பேசியிருந்தால் கழுத்தைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போயிருக்கலாம். மறுநாள் பத்திரிகையில் ஒரு மூலையில் நாலு வரி வந்திருக்கும். இவர் அரசாங்க சபையின் உறுப்பினர். இவர் தோளில் கைவைத்தால் கொழும்பில் கேள்வி எழும். இரண்டே நாற்காலி வைத்திருந்த கட்சி, அந்த இரண்டில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து பதுளைத் தெருவில் கேடயமாக நிறுத்தியது. அந்த நாற்காலிக்கு அதுவரை கிடைத்த உபயோகங்களிலேயே சிறந்தது இதுதான் என்பேன்.

அவர் வாயைத் திறக்க வேண்டும். அவ்வளவுதான் பாக்கி.

முதல் வார்த்தை விழும்வரை அது வெறும் கூட்டம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். விழுந்துவிட்டால் குற்றம். அந்த ஒரு கணத்தில் உத்தரவு, துரைமார், பொலிஸ், தோட்டம், எல்லாம் ஒன்றாக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றன.

என்.எம். பேசினார்.

பொலிஸ் அசையவில்லை.

அவர் பேசிக்கொண்டே போனார்.

பொலிஸ் அசையவில்லை.

பேசி முடித்தார்.

ஒன்றும் நடக்கவில்லை! ஒரு தடியடி இல்லை. ஒரு கைது இல்லை. நீதவானின் கையெழுத்து அப்படியே காகிதத்தில் இருந்தது. அதை நடைமுறைப்படுத்த வேண்டியவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள்.

லயத்துக்குத் திரும்பியவர்கள் எதைக் கொண்டுபோனார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பேச்சில் பாதி அவர்களுக்கு மறந்திருக்கலாம். கண்ணால் பார்த்தது மறக்காது. பிரட்டில் ஒரு கணக்கப்பிள்ளை முறைத்தாலே தலைகுனிந்து பழகியவர்கள், துரைமாருக்குப் பின்னால் இருந்த சர்க்காரே ஒரு மணி நேரம் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பதைப் பார்த்துவிட்டார்கள். அன்றிரவு எத்தனை காம்பிராக்களில் விளக்கு அணையாமல் இருந்திருக்கும்! அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து எத்தனை முறை அதைச் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டிருப்பார்கள்!

*

ஆனால் தோல்வியை மறந்துவிடுகிற ஜாதியல்ல துரைமார்.

அவர்கள் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். தோட்டத்தை ஆண்டது உடல்பலம் இல்லை. சில வெள்ளைக்காரர்கள் ஆயிரக்கணக்கான மக்களை அடித்தே ஆள முடியுமா? மதிப்பு ஆண்டது. "துரை சொன்னால் சொன்னதுதான்" என்ற ஒற்றை நம்பிக்கை ஆண்டது. பதுளை நகரத்தில் நீதவானின் சொல்லே நிற்கவில்லை என்றால், நாளைக்குப் பிரட்டில் துரையின் சொல் நிற்குமா?

அவர்கள் பயந்தது வீண்பயமும் இல்லை. நகரத்துக்குப் பக்கத்திலேயே அது நடந்துகொண்டிருந்தது.

வெவெஸ்ஸ தோட்டம். இந்தப் பெயரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே தொழிலாளர்கள் தங்களுக்குள் ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆம், தேர்தல்! கிராம சபைக்குக்கூட ஓட்டுப் போடத் தகுதி இல்லை என்று நாடு யாரை ஒதுக்கியதோ, அந்த மக்கள் தங்கள் தோட்டத்தில் தாங்களே ஒரு சபையைத் தெரிந்தெடுத்தார்கள். யார் நமக்காகப் பேசலாம் என்று துரையைக் கேட்கவில்லை. கங்காணியைக் கேட்கவில்லை.

அதைவிட ஆச்சரியம் அடுத்தது. அந்தச் சபையோடு கலந்துபேசித்தான் தோட்டத்தை நடத்துவேன் என்று துரை ஒப்புக்கொண்டார்.

இன்னொரு தரம் வாசியுங்கள். துரை ஒப்புக்கொண்டார்.

நூறு வருடத்தில் மலைநாடு காணாத காட்சி. பக்கத்துத் தோட்டத்துத் துரைமாருக்கு இந்தச் செய்தி எப்படி இருந்திருக்கும்? இன்று வெவெஸ்ஸ. நாளை? கட்சிக்காரன் நகரத்தில் பேசிவிட்டுப் போய்விடுவான். சபை தோட்டத்திலேயே இருக்கும். காலையில் பிரட்டுக்கு வரும். கணக்குக் கேட்கும்.

இதற்கு மேல் விடக் கூடாது.

சட்டத்தையும் ஒழுங்கையும் நிலைநாட்ட வேண்டும் என்று முடிவாயிற்று. இந்த முறை காகிதம் போகாது. ஆயுதம் போகும்.

ஒரு பொலிஸ் அணி தயாரானது. கையில் துப்பாக்கி. போகுமிடம் வெவெஸ்ஸ.

பதுளையில் ஒரு என்.எம். இருந்தார். அவர் பின்னால் அரசாங்க சபை இருந்தது. தோட்டத்தின் உள்ளே அப்படி யாரும் இல்லை. அங்கே இருந்தவர்கள் கொழுந்து பறிக்கும் பெண்கள், கவ்வாத்து வெட்டும் ஆண்கள், சில்லரைக் கங்காணிகள், பிள்ளைகள். எதிரே வருவது ஆயுதம் தாங்கிய அணி. முல்லோயாவில் இப்படித்தான் தொடங்கியது.

பாதை வளைந்து வளைந்து ஏறுகிறது. இரு பக்கமும் தேயிலை. ஏதோ ஒரு வளைவில் பொலிஸாரை முதலில் பார்த்த கண் யாருடையதோ. செய்தி லயத்துக்கு முந்திக்கொண்டு ஓடுகிறது.

அவர்கள் தோட்டத்துக்குள் நுழைந்தார்கள்.

துப்பாக்கியோடு போனவர்கள் வெறுங்கையோடு நின்றார்கள்.

எப்படி?

(தொடரும்)